பிரசவ அறை எந்தக் கரைக்கு?

ஒரு பஞ்சாயத்து, மூன்று ஊர். நெடுங்கரை பெரிய ஊர், தார்ச்சாலை ஓரம். அதே சாலையில் அடுத்தது பூவாணி. பூவாணியைத் தாண்டினால் ஓர் ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் சாத்தன்குடி. வெயில் காலத்தில் அந்த ஓடையில் ஆடு வாய் வைக்கக்கூடத் தண்ணீர் இருக்காது. ஐப்பசி, கார்த்திகையிலோ அது யாரையும் மதிக்காது. பாலம் கேட்டுக் கேட்டுச் சாத்தன்குடிக்காரர்களுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

இந்தப் பஞ்சாயத்துக்கு ஒரு நல்ல காலம் வந்தது. கிராமத்து வைத்திய வசதியைப் பெருக்க அரசு மானியம் ஒதுக்கியது. பூட்டிக் கிடக்கும் அரசுக் கட்டிடம் ஒன்றைச் சீர்செய்து பிரசவ அறையாக்கலாம். கட்டில், கருவிகள், அங்கேயே தங்கி வேலை பார்க்க ஒரு நர்ஸ் எல்லாம் உண்டு. பூட்டிக் கிடக்கும் கட்டிடத்துக்கு மூன்று ஊரிலும் பஞ்சமில்லை. ஆனால் மானியம் ஓர் ஊருக்குத்தான். எந்த ஊர் என்று சுதந்திர தின கிராமசபையில் முடிவாக வேண்டும். முடிவாகாவிட்டால் பணம் பக்கத்துப் பஞ்சாயத்துக்குப் போய்விடும். சும்மா விடுவார்களா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

முதலில் எழுந்தவர் நெடுங்கரை அணஞ்சபெருமாள்.

"எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு மருமக இருக்கா. இப்பவே எத்தன பிள்ளைக மாசமா இருக்குன்னு பாருங்க. ஏன், எம் மருமக சுகன்யாவுக்கே அஞ்சு மாசம். நோயாளி இருக்கிற இடத்துலதான வைத்தியம் வேணும்?"

அவர் சொன்னதில் ஒரு பொய் கிடையாது. கூட்டத்தில் பாதி அப்போதே தலையாட்டிவிட்டது.

அடுத்து பூவாணி அரிசி மில் வேலாண்டி. ஆள் சமாதானப் பிரியர், அல்லது அப்படிச் சொல்லிக்கொள்பவர். "எங்க ஊரு நடுவுல இருக்கு. ரெண்டு பக்கமும் வந்து போகத் தோது. டவுன் பஸ்ஸு மழையிலயும் நிக்காம ஓடுது, 108 வண்டியும் கூப்பிட்டா வந்துருது. பூவாணியில வச்சா யாருக்கும் மனத்தாங்கல் இல்ல பாருங்க" என்றார். இதுவும் நியாயமாகத்தான் பட்டது.

மூன்றாவதாகச் சாத்தன்குடி முத்துப்பேச்சி எழுந்தாள். ஆடு வளர்ப்பவள், கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள். அணஞ்சபெருமாளுக்குச் சம்பந்தியும்கூட, சுகன்யாவைப் பெற்றவள் இவள்தான். அந்த இரண்டு ஊருக்கும் இடையே அப்படி ஒரு வழக்கம். சாத்தன்குடியில் பெண் பிறந்தால் நெடுங்கரையில் மாப்பிள்ளை தயார் என்று கேலி செய்வார்கள்.

"எங்க ஊருக்குக் குடுங்கய்யா" என்றாள்.

அணஞ்சபெருமாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏன் தங்கச்சி, உங்க ஊர்ல இளவட்டம் பூராவும் பிள்ளகுட்டியோட திருப்பூர் போயிட்டுது. மாசமா இருக்கிற பிள்ள ஒண்ணாவது உண்டா, சொல்லு பாப்போம்?"

"இன்னைக்கு இல்ல அண்ணாச்சி."

"அப்ப யாருக்கு நர்சு? ஆட்டுக்கா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. முத்துப்பேச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "போன கார்த்திகையில எம் மூத்தவள இடுப்பு வலியோட கட்டில்ல வச்சு, கழுத்தளவு தண்ணியில தூக்கிட்டுப் போனாங்க. பிள்ளயும் தாயும் பொழச்சது சாமி புண்ணியம். ஐப்பசி பொறந்ததும் சின்னவளுக்கு வளைகாப்பு. எனக்குப் பயமா இருக்கு, அவ்வளவுதான்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

பாவம் என்று எல்லோருக்கும் தோன்றியது. பாவம் பார்த்து மானியத்தைக் கொடுக்க முடியுமா என்றும் தோன்றியது. ஓட்டுக்கு விடலாம் என்றார் வேலாண்டி. விட்டால் முடிவு என்ன ஆகும் என்பது எண்ணத் தெரியாதவருக்கும் தெரியும். நெடுங்கரைத் தலைகள்தான் அங்கே அதிகம்.

பஞ்சாயத்துத் தலைவி ஆவுடைச்செல்வியும் நெடுங்கரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்தான். ஆனால் அவர் ஓட்டுக்கு விடவில்லை. கூட்டத்தின் இடப்பக்கம் உட்கார்ந்திருந்த நெடுங்கரைப் பெண்களைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவர்கள் பதில் சொன்னார்கள், சொல்லிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அணஞ்சபெருமாள் தலையைச் சொறிந்தார். பிறகு மூன்று ஊரும் ஒரே மனதாகக் கை தூக்கியது.

வாசகரே, தலைவி கேட்ட கேள்வி என்ன? மூவரில் யார் கேட்டது நியாயம்?

விடை: "தலைப்பிள்ளய எங்க வச்சுப் பெத்தீங்க?" என்பதுதான் கேள்வி. "இதென்ன கேள்வி, அம்மா வீட்டுலதான்" என்றார்கள் பெண்கள். அணஞ்சபெருமாள் எண்ணியது மாசமாக இருப்பவர்களை. வளைகாப்பு முடிந்து அவர்கள் போய்ச் சேருவதோ ஓடைக்கு அந்தப் பக்கம். பிறந்த வீடு என்று நெடுங்கரைக்கும் பூவாணிக்கும் வருகிற மகள்களுக்கு எந்த மழையிலும் 108 வரும், சாத்தன்குடிக்கு வராது. ஆகவே முத்துப்பேச்சி கேட்டதே நியாயம். அப்படியானால் சுகன்யாவைப் புகுந்த வீட்டிலேயே நிறுத்திக்கொள்ளலாமே என்கிறீர்களா? அதை நீங்களே அணஞ்சபெருமாள் மனைவியிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள், நான் வரவில்லை. கார்த்திகைக் கடைசியில் ஓடை கரைபுரண்டது. பிரசவ அறையில் நர்ஸ் பக்கத்திலிருக்க, சுகன்யா பெண் குழந்தை பெற்றாள். சேதி கேட்டு ஓடி வந்த அணஞ்சபெருமாள் இந்தக் கரையில் நின்று, "தங்கச்சி, எப்படியாவது நீந்தி வந்துருதேன்!" என்று கத்தினார். அந்தக் கரையிலிருந்து முத்துப்பேச்சி சொன்னாள்: "தண்ணி வடியட்டும் அண்ணாச்சி, மெதுவா வாங்க. ஒரு அவசரமும் இல்ல."