இரண்டடிப் பாட்டு

முன்னொரு காலத்தில், நெடுநாள் வறட்சிக்குப் பிறகு ஒரு நாட்டில் மழை கொட்டியது. அந்த மகிழ்ச்சியில் மன்னன் மருதவேள் ஒரு பாட்டு இயற்றிச் சபையில் படித்தான்.

"வந்தாய் மழைமுகிலே வந்தாய் மனங்குளிரத்
தந்தாய் வளமெல்லாம் தான்."

"இதை ஆராயுங்கள்" என்றான்.

தலைமைப் புலவர் அம்பலக்கூத்தர் எழுந்தார். மன்னனைச் சிரிக்க வைத்தே செல்வாக்குப் பெற்ற விகடகவி இருளப்பனை அவருக்குக் கண்டாலே ஆகாது.

"வேந்தே, வரிக்கு அடி, எதுகை மோனைக்குத் தொடை, சீர்கள் இணைவதற்குத் தளை என்று யாரும் வாயால் சொல்லிவிடுவார்கள். இவற்றையும், ஒரே சொல் திரும்ப வரும் அழகையும் வாய் பேசாமல் கண்முன் காட்ட வேண்டும். இருளப்பன் காட்டட்டும். முடியாவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும்."

மன்னனுக்கு யோசனை பிடித்துவிட்டது. "அப்படியே ஆகட்டும்."

இருளப்பன் எங்கே போவான்? வீட்டில் மனைவி நிறைமாதம்.

"அரசே, காட்டுவதற்குச் சபையில் உள்ள எதையும் எடுத்துக்கொள்ளலாமா?"

"எதையும், யாரையும்."

இருளப்பன் நேராக அம்பலக்கூத்தரிடம் போய்க் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டான். சபை மூச்சடைத்துப் போயிற்று. யாரும் அசைவதற்குள் மறு கன்னத்திலும் விழுந்தது. புலவர் தடுமாறித் தரையில் உட்கார்ந்தார். வேட்டி முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது. தெரிந்த தொடையை இருளப்பன் சுட்டிக்காட்டினான். பிறகு காவலன் இடுப்பில் தொங்கிய விலங்கை உருவி அவர் காலில் மாட்டினான்.

வீரர்கள் வாளில் கை வைத்தார்கள். மன்னன் அரியணையைவிட்டு எழுந்துவிட்டான்.

"அடித்தான் வேந்தே, அடித்தான்" என்று அலறினார் புலவர்.

"என்ன துணிச்சல் இது? வாயைத் திறந்து சொல்" என்றான் மன்னன்.

இருளப்பன் கைகூப்பினான். "கேட்டதைத்தான் காட்டினேன், அரசே. தங்கள் பாட்டுக்கு அடி இரண்டு. கன்னத்துக்கு ஒன்றாகக் கொடுத்தேன். அதோ தொடை. காலில் தளை. சொல் திரும்ப வருவதை எப்படிக் காட்டுவது என்றுதான் திகைத்து நின்றேன். அதைப் புலவரே காட்டிவிட்டார்."

மன்னனின் உதடுகள் மெல்ல அசைந்தன. "வந்தாய் மழைமுகிலே வந்தாய்... அடித்தான் வேந்தே அடித்தான்..." அவ்வளவுதான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சபைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

தன் முத்துமாலையைக் கழற்றி இருளப்பனுக்குப் போட்டான். இருளப்பனோ குனிந்து விலங்கைக் கழற்றி, புலவரைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டான்.

"இனி என் நாட்டில் பாட்டை வாயால் மட்டுமே ஆராய வேண்டும்" என்று மன்னன் கட்டளையிட்டான்.

கன்னத்தைத் தடவியபடி, எல்லோருக்கும் முன்பாக "நல்ல கட்டளை, வேந்தே" என்றவர் அம்பலக்கூத்தர்தான்.