கிளப்புக்குள் நுழைந்த திருடன்

மதராஸில் ஓர் ஆங்கிலப் பத்திரிகைக்கு மரக்கட்டையில் படம் செதுக்கி வந்தான் வேதகிரி. பத்திரிகையின் ஆசிரியர் ஹார்வுட் துரைதான் அதில் கதையும் எழுதுவார். பதினோரு கதையிலும் திருடன் கறுப்பன். பதினோரு தரமும் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துத் திருடனைச் செதுக்கி வேதகிரி சலித்துப்போயிருந்தான்.

பன்னிரண்டாவது கதையில், துரைமார் கிளப்பில் நடக்கும் நடன விருந்தில் யாருக்கும் சந்தேகம் வராமல் கலந்து ஆடி, ஒரு துரைசானியின் வைர மாலையை அடித்துக்கொண்டு போகிறான் திருடன்.

“பார்த்த உடனே திருடன்னு தெரியணும். இல்லாட்டி உனக்கு இங்கே வேலையில்லை” என்றார் துரை.

வேதகிரி செதுக்கிக் கொண்டுவந்த படத்தில் வெள்ளைக்காரன் ஒருவன் கோட்டு சூட்டோடு நின்றான். துரைக்கு மீசை துடித்தது.

“என்னடா இது?”

“தொரை, படம் காட்ட நான் கிளப்புக்கு வந்தாலே பின்வாசல்ல நிறுத்திடறாங்க. சந்தேகமே வராம உள்ளே போய் ஆடினவன் உங்க ஆளாத்தானே இருக்கணும்?”

துரை பேனாவை எடுத்துக் கதையையே மாற்றினார். திருடனே இல்லையாம், மாலையை ஒரு நாய் கவ்விக்கொண்டு போய்விட்டதாம்.

“போ, நாயைச் செதுக்கு.”

வேதகிரி அலுப்போடு உளியை எடுத்துக்கொண்டு திரும்பினான். பின்னாலிருந்து துரை குரல் கொடுத்தார்.

“கறுப்பு நாய்.”