தர்பூசணித் தலையணை

மாசிலாமணி மடத்துக்கு வந்தபோது தலை முழுக்க நரைத்திருந்தது. பஸ்களில் ஏறி டிக்கெட் பரிசோதிப்பதே அவர் வாழ்நாள் வேலை. டிக்கெட்டை எடுத்து நீட்டுகிறவனைக்கூட ஏற இறங்கப் பார்த்துப் பழகிய கண். ஓய்வு பெற்ற பிறகு சந்தேகப்பட ஆள் கிடைக்காமல் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார், பாவம்.

மடத்தை நடத்தியவர் நாச்சியாரம்மா. மாசிலாமணிக்கு மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அவர் அம்மா என்றுதான் கூப்பிட்டார்.

“அம்மா, கண்ணை மூடி உக்காந்தா இது சரியான மந்திரமான்னு கேள்வி வருது. சரிதான்னு நெனச்சா, நான் இதுக்குச் சரியான ஆளான்னு வருது. இந்தச் சந்தேகம் எப்ப தீரும்?”

“தைக்கத் தெரியுமா உங்களுக்கு?”

“சட்டைக்குப் பட்டன் தைப்பேன்.”

“அது போதும். பிள்ளைங்களுக்குத் தலையணை தைக்கணும். அவங்களோட உக்காந்து தைங்க.”

கேட்டது ஞானம், கிடைத்தது ஊசி நூல். மாசிலாமணிக்கு மனசு ஆறவேயில்லை.

மடத்துக்குப் பக்கத்தில் ஒரு செங்கல் சூளை இருந்தது. அங்கே கல் அறுக்க வந்தவர்கள் பகலில் பிள்ளைகளை மடத்தில் விட்டுவிட்டுப் போவார்கள். மழை ஆரம்பித்தால் சூளை நின்றுவிடும். எல்லோரும் லாரி ஏறிச் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். அதற்குள் ஆளுக்கொரு தலையணை தைத்துவிட வேண்டும் என்பது அம்மாவின் எண்ணம்.

என்ன வடிவம் என்று பிள்ளைகளைக் கேட்டதுதான் தப்பு. ஒருவன் லாரி என்றான். ஒருத்தி மீன் என்றாள். இலக்கியா என்ற ஆறு வயதுப் பெண் தர்பூசணிக் கீற்று வேண்டும் என்றாள்.

“அதைச் சாப்பிடலாம் பாப்பா. அதுல யாராவது தலை வெச்சுப் படுப்பாங்களா?”

“சாப்பிட்டா தீந்துபோவும் தாத்தா. இது தீராது.”

மாசிலாமணி கத்தரிக்கோலை எடுத்தார். பழைய சிவப்புத் துணியில் அரைவட்டமாக இரண்டு வெட்டினார். ஓரத்தில் பச்சைப் பட்டை வைத்தார். கறுப்பு நூலால் விதை போடுவது இலக்கியாவின் பொறுப்பு. நாக்கைத் துருத்திக்கொண்டு ஒவ்வொரு விதையாகப் போட்டாள். ஒரு விதை பச்சைப் பட்டையில் வந்துவிட்டது.

“தோல்ல எங்கயாவது விதை இருக்குமா? பிரிச்சிடலாம், குடு.”

“அது வழிஞ்சு வுழுந்த வெத தாத்தா. இருக்கட்டும்.”

மடத்து மண்டபத்தில் பாய் விரித்து இப்படித்தான் நடந்தது தையல். துணியில் ஊசி நுழைந்துகொண்டிருக்கும்போதே மாசிலாமணியின் மனசு வேறெங்கோ நுழைந்துகொண்டிருக்கும். வேறு மடத்துக்குப் போயிருக்கலாமோ? அம்மா நம்மை வேலைக்காரனாக வைத்திருக்கிறாரோ? ஆனாலும் மாலையில் ஊசிகளை எண்ணி டப்பாவில் வைக்காமல் எழுந்ததில்லை. குழந்தைகள் புழங்கும் இடம் அல்லவா.

மழை முந்திக்கொண்டது. ஒருநாள் காலையில் லாரி வந்து நின்றுவிட்டது. மற்றத் தலையணைகள் முடிந்திருந்தன. இலக்கியாவுடையதுக்குத்தான் பஞ்சு அடைக்க வேண்டியிருந்தது. மடத்துக் கொல்லையில் இருந்த இலவ மரத்துப் பஞ்சு. அவளும் அவருமாக அவசர அவசரமாக அடைத்து, வாயைத் தைத்து மூடினார்கள். லாரிக்காரன் ஹாரன் அடித்தான். இலக்கியா தலையணையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

மாசிலாமணி ஊசிகளை எண்ணினார். ஒன்று குறைந்தது.

பாயை உதறினார். மண்டபத்துக் கல்தரையைக் கையால் தடவினார். கல்லுக்குக் கல் இடுக்கு. ஊசியைக் காணவில்லை.

“பாப்பா, அதைக் கொஞ்சம் குடு.”

வாங்கி அமுக்கிப் பார்த்தார். விரலில் ஏதோ தட்டியது. இலவங்கொட்டை. இன்னோர் இடத்தில் அமுக்கினார். அதுவும் கொட்டையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியுமா? அதற்குள் இலக்கியாவின் அம்மா கூப்பிட, அவள் தலையணையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

மாசிலாமணி அடுப்பங்கரையில் இருந்த நாச்சியாரம்மாவிடம் ஓடினார்.

“அம்மா, ஒரு ஊசியைக் காணோம். இலக்கியா தலையணைக்குள்ள போயிருக்குமோன்னு பயமா இருக்கு.”

“அவகிட்டச் சொன்னீங்களா?”

“சொல்லல. உள்ள இல்லேன்னா, குழந்தையை வீணா அழ வெச்சதா ஆயிடுமே.”

“இருந்தா?”

“அதான்மா புரியல. பிரிச்சா திரும்பத் தைக்க நேரமில்ல. பிரிக்காம விட்டா… என்ன பண்றதுன்னு நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா செய்றேன்.”

“லாரி கிளம்புது,” என்றார் அம்மா.

மாசிலாமணி ஓடினார். செருப்பு மாட்டவில்லை, துண்டு எடுக்கவில்லை. கையில் இருந்த ஊசி டப்பாவோடு ஓடினார். அந்த வயதில் அவர் அப்படி ஓடுவார் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். சேறும் சகதியுமான பாதையில் லாரி மெதுவாகத்தான் போனது. பின்பலகையைப் படபடவென்று தட்டினார்.

லாரி நின்றது. இலக்கியா எட்டிப் பார்த்தாள்.

“பாப்பா, தலையணையைப் பிரிக்கணும்டா.”

“மாட்டேன்!”

“உள்ள ஊசி இருந்தாலும் இருக்கும். ராத்திரி உன் கன்னத்துல ஏறிடும். தாத்தாவால அதை நெனைக்கவே முடியல.”

இலக்கியா தலையணையை இன்னும் இறுக்கினாள். உதடு பிதுங்கியது. பிறகு ஓவென்று அழுதுவிட்டாள். அழுதுகொண்டே அதை அவரிடம் நீட்டினாள்.

“பெரியவரே, ஏறுறதா இருந்தா ஏறுங்க. இங்க நிறுத்தினா சேத்துல மாட்டிக்கும்,” என்று டிரைவர் கத்தினான்.

மாசிலாமணி ஏறிவிட்டார். எங்கே போகிறது அந்த லாரி என்றுகூட அவர் கேட்கவில்லை.

தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து தையலைப் பிரித்தார். இலக்கியாவின் அம்மா தன் முந்தானையை விரித்துப் பிடித்தாள். ஒவ்வொரு பிடியாகப் பஞ்சை எடுத்து விரலால் பிய்த்துப் பார்த்தார். இலக்கியா மூக்கை உறிஞ்சிக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளும் பிய்க்க ஆரம்பித்தாள். கொட்டை கிடைத்தபோதெல்லாம் “ஊசி இல்ல தாத்தா, கொட்ட” என்று அறிவித்தாள். காற்று கொஞ்சம் பஞ்சைக் கொண்டுபோயிற்று. உறையைத் திருப்பி மடிப்பு மடிப்பாகப் பார்த்தார்கள்.

ஊசி இல்லை.

திரும்பப் பஞ்சை அடைத்தார்கள். லாரி குலுங்கியதில் தையல் கோணல் மாணலாகத்தான் வந்தது. தலையணை முன்பைவிட மெலிந்துபோனது. இலக்கியா அதில் தலை வைத்தாள். அழுத களைப்பில் அப்படியே தூங்கிப்போனாள். மாசிலாமணி அவள் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏதோ ஓர் ஊரில் டீ குடிக்க லாரி நின்றபோது இறங்கிக்கொண்டார். பஸ்ஸுக்குக் காசு இலக்கியாவின் அம்மாதான் கொடுத்தாள்.

மடத்துக்குத் திரும்பியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மண்டபத்து வாசலில் நின்றவர் உள்ளே கால் வைக்கவில்லை. எதிர்ப்பக்கம், அடுப்பங்கரை வாசலில் அம்மா நின்றிருந்தார். நடுவில் கல்தரை வெறிச்சோடிக் கிடந்தது.

“குழந்தை தலையணையில ஊசி இல்லம்மா. பஞ்சு பஞ்சாப் பிரிச்சுப் பாத்துட்டேன்.”

“நல்லது. உள்ள வாங்க.”

“எப்படிம்மா வர்றது? அதுல இல்லேன்னா இங்கதான் எங்கயோ கிடக்கு. இந்த இடுக்குல எதுல வேணும்னாலும் இருக்கும்.”

“ஆமா, இருக்கும்.”

“தேடி எடுக்காம இதுல கால் வைக்க முடியாது.”

“காலையில இருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா?”

“இல்லம்மா.”

அம்மா உள்ளே போனார். ஒரு தட்டில் சோறும் குழம்பும் போட்டு எடுத்துக்கொண்டு, மண்டபத்தின் குறுக்கே நேராக நடந்து வந்தார். வெறுங்கால்.

“அம்மா, வேண்டாம்! நில்லுங்க! குத்திடும்!”

அம்மா நிற்கவில்லை. வேகமாகவும் வரவில்லை. அவர் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் மாசிலாமணிக்கு உடம்பு கூசியது. வந்து சேர்ந்ததும்தான் அவருக்கு மூச்சே வந்தது.

“இங்க ஊசி இல்லேன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“அப்புறம் எந்தத் தைரியத்துலம்மா நடந்து வந்தீங்க?”

அம்மா தட்டை அவர் கையில் கொடுத்தார்.

“நீங்க பசியோட நிக்கிறீங்களே.”