காவல் காத்த கிழங்குப் பாத்தி

மலையடிவாரக் குளத்தின் கரையில், மூங்கில் புதருக்குள் ஒரு காட்டுப்பன்றிக் குடும்பம் இருந்தது. அப்பா உறுமன். அம்மா சேம்பி. மூத்த மகள் வரிச்சி, இளையவன் கொட்டான்.

அவர்களுக்குச் சாப்பாட்டுக் கவலை இருந்ததே இல்லை. மலைக்குக் கீழே மனிதர்களின் தோட்டம் இருந்தது. பசித்தால் போவார்கள், தோண்டுவார்கள், தின்பார்கள், திரும்பி வருவார்கள். அந்த வருஷம் மனிதர்கள் தோட்டத்தைச் சுற்றி மின்வேலி போட்டுவிட்டார்கள். அது என்ன என்று உறுமன் மூக்கால் தொட்டுப் பார்த்தான். பிறகு வீட்டுக்கு வந்து, சாயங்காலம் வரை யாரோடும் பேசவில்லை.

"இனிமே அங்கே போக வேண்டாம்" என்றாள் சேம்பி.

"நான் போகலாம்னு சொல்லவே இல்லையே" என்றான் உறுமன். அவன் மூக்கு வீங்கியிருந்தது.

புதருக்கு மேலே பாறை மேட்டில் சலங்கை என்ற முள்ளம்பன்றி தன் ஒரே குட்டியோடு குடியிருந்தாள். நடக்கும்போது அவள் முட்கள் உரசிச் சலசலக்கும். அதனால் அந்தப் பெயர். மூங்கில் புதரைத் தாண்டித்தான் அவள் தண்ணீர் குடிக்கக் குளத்துக்கு வர வேண்டும். அன்று வந்தவள் உறுமனின் மூக்கைப் பார்த்தாள். சேம்பி நடந்ததைச் சொன்னாள்.

"தோட்டத்துக்குள்ளே போக முடியலைன்னா, தோட்டத்தை இங்கே போட்டுக்க வேண்டியதுதான் அண்ணி" என்றாள் சலங்கை.

"நாங்களா?"

"சர்க்கரைவள்ளிக் கொடியை அறுத்து வேலிக்கு வெளியே வீசியிருக்காங்க. நான் இழுத்துட்டு வர்றேன். மண்ணுல சொருகினா வரும்."

மறுநாளே புதருக்குப் பின்னால் வேலை தொடங்கியது. தோண்டுவதற்கு அந்தக் குடும்பத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மூடுவதில்தான் பழக்கம் இல்லை. கொடியைத் தலைகீழாக நட்டார்கள். சலங்கை வந்து, எல்லாவற்றையும் பிடுங்கி நேராக நட்டுக் காட்டினாள்.

அவள் போன பிறகு தண்ணீர் விட நினைத்தார்கள். நான்கு பேரும் குளத்தில் புரண்டு, ஓடி வந்து, பாத்தியின் மேல் உடம்பை உதறினார்கள். பாத்தி நன்றாக நனைந்து சேறாகிவிட்டது. சேற்றைப் பார்த்ததும் உறுமனால் சும்மா இருக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் அதில் படுத்தான். எழுந்தபோது பாதிக் கொடிகள் அவன் முதுகில் ஒட்டியிருந்தன.

"அப்பா மேல தோட்டம் போட்டிருக்கோம்" என்றான் கொட்டான்.

மறுபடியும் நட்டார்கள். கொட்டான் எங்கிருந்தோ ஒரு பூசணி விதையைக் கொண்டுவந்து ஓரத்தில் ஊன்றினான்.

மழை பெய்தது. கொடிகள் பிடித்துக்கொண்டன. புது இலைகள் வந்த அன்று சேம்பி வெகுநேரம் பாத்தியருகே நின்றாள். ஓர் இலையைத் தின்ன வேண்டும் என்று நினைக்காமல் பார்த்தது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

"இலை பழுத்து, மண்ணு வெடிக்கிற வரைக்கும் வாய் வெக்காதீங்க" என்று சலங்கை எச்சரித்தாள். "கோடையில குளம் வத்திடும். காட்டுல ஒண்ணும் கிடைக்காது. அப்போ உங்களுக்கு இதுதான் சோறு."

எல்லாரும் சரி என்று தலையாட்டினார்கள்.

கொடி தரையை மூடியது. மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் உறுமனுக்கு நிலைகொள்ளவில்லை. ஒரு நாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து, ஓரமாக ஒரு கொடியின் கீழே தோண்டினான். விரல் பருமனில் ஒரு கிழங்கு இருந்தது. எடுத்துப் பார்த்தான். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது என்பதால் தின்றுவிட்டான். குழியைப் பக்குவமாக மூடினான். மூடுவதில் இப்போது அவனுக்குப் பழக்கம் வந்திருந்தது.

"கிழங்கு நல்லா வருது" என்றான் வீட்டில்.

"எப்படித் தெரியும்?" என்று சேம்பி கேட்டாள்.

"இலையைப் பார்த்தாலே தெரியும்."

அடுத்த நாள் சேம்பிக்கு ஒரு சந்தேகம் வந்தது. கிழங்கில் பூச்சி விழுந்திருந்தால் என்ன செய்வது? ஒன்றை மட்டும் தோண்டிப் பார்த்தாள். பூச்சி இல்லை. அதைத் தின்றாள். வரிச்சி, இனிப்பு ஏறிவிட்டதா என்று பார்த்தாள். கொட்டானுக்குக் காரணம் எதுவும் தோன்றவில்லை. பசித்தது, எடுத்தான்.

ஒருவர் எடுத்தது இன்னொருவருக்குத் தெரியாது. ஒவ்வொருவரும் ஒரு தடவைக்கு ஒன்றே ஒன்றுதான் எடுத்தார்கள். இலைகள் அப்படியே பச்சைப்பசேலென்று இருந்தன.

ஒரு காலையில் பாத்தியைச் சுற்றி வந்த உறுமன் நின்றுவிட்டான். ஓர் இடத்தில் மண் புதிதாகக் கிளறியிருந்தது. அது அவன் தோண்டிய இடமில்லை. அவனுக்குக் கோபம் வந்தது. அது உண்மையான கோபம்.

"திருடன் வர்றான்" என்று வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டினான்.

மற்ற மூவரும் குனிந்து பார்த்தார்கள். அந்தக் குழி கொட்டானுடையது. ஆனாலும் அவனும் பார்த்தான்.

இலந்தை முள்ளை இழுத்து வந்து பாத்தியைச் சுற்றி வேலி போட்டார்கள். ஆளுக்கொரு வேளையாகக் காவல் இருப்பது என்று முடிவாயிற்று. காவல் இருப்பவரைத் தவிர வேறு யாரும் உள்ளே போகக் கூடாது. அதன் பிறகு கிழங்கு இன்னும் வேகமாகக் குறைந்தது. தனியாகப் பாத்தியோடு உட்கார்ந்திருப்பவருக்குப் பொழுது போக வேண்டுமே.

காவலுக்குப் பிறகும் புதிய குழிகள் தென்பட்டதால் உறுமன் துப்புத் துலக்கத் தொடங்கினான். மின்வேலியில் பட்ட நாளிலிருந்து அவன் மூக்குக்கு வாசனை பிடிபடவில்லை. கண்ணால்தான் தேட வேண்டியிருந்தது. கொடிக்கு அடியில் ஒரு நீளமான முள் கிடைத்தது.

சாயங்காலம் சலங்கை குட்டியோடு தண்ணீருக்கு வந்தபோது குடும்பமே வழியில் நின்றது. உறுமன் முள்ளைத் தரையில் போட்டான்.

"இது யாரோட முள்ளு?"

சலங்கை குனிந்து பார்த்தாள். "என்னோடதுதான் அண்ணே."

"பாத்தியில கிடந்துச்சு."

"கொடி நட வந்தப்போ விழுந்திருக்கும். எனக்கு முள்ளு விழுறது புதுசா?"

"கிழங்கு காணாமப் போகுது."

"நான் எடுக்கலை."

"நாங்க மாத்தி மாத்திக் காவல் இருக்கோம். வெளியாள் யாரும் வரலை. நீ ஒருத்திதான் இந்தப் பக்கம் போயிட்டு வர்றே. வேற யாரு எடுத்திருப்பா? இனிமே இந்த வழியா வராதே."

உறுமன் இதைச் சொன்னபோது சேம்பி குளத்தைப் பார்த்தாள். வரிச்சி வானத்தைப் பார்த்தாள். கொட்டான் கண்ணை மூடிக்கொண்டான். நாம் எடுத்தது கொஞ்சம், மீதியை இவள்தான் எடுத்திருப்பாள் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள்.

சலங்கை அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "தண்ணிக்கு நான் எப்படிப் போறது?"

"வேற வழியைப் பாத்துக்கோ."

"ஊர்ப்பக்கமாச் சுத்திப் போகணும். அங்கே நாய்ங்க இருக்கு" என்று சேம்பி மெதுவாகச் சொன்னாள்.

"திருடறதுக்கு முன்னாடி அதை யோசிச்சிருக்கணும்" என்றான் உறுமன்.

சேம்பி அதற்கு மேல் பேசவில்லை. பேசினால் தன் குழியைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும். சலங்கை குட்டியை முன்னால் விட்டுத் திரும்பி நடந்தாள். மேட்டில் ஏறும்வரை முட்கள் சலசலத்தன. வழியில் இலந்தை முள்ளைப் போட்டு அடைத்தார்கள்.

சில நாள் கழித்து ஊர்ப்பக்கம் நாய்கள் குரைத்தன. காலையில் வரிச்சி மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"அம்மா, சலங்கை அத்தையோட முதுகுல ஒரு பக்கம் முள்ளே இல்லை. பாப்பாவோட காலை நாய் கடிச்சிருக்கு. நடக்க முடியலை, அத்தை வாயில கவ்வித் தூக்கிட்டுப் போறாங்க."

"நாம என்ன பண்ண முடியும்" என்றான் உறுமன். அன்று அவன் எதையும் தின்னவில்லை. ஆனால் மறுநாள் அவன் காவல் முறை வந்தது. திருடிதான் ஒழிந்துவிட்டாளே, இனி ஒன்று எடுத்தால் குறைந்துவிடாது என்று நினைத்தான். மற்றவர்களும் அப்படியே நினைத்தார்கள்.

வெயில் ஏறியது. குளம் சுருங்கிக் குட்டையாயிற்று. இலைகள் பழுத்தன. மண் மட்டும் வெடிக்கவில்லை.

அறுவடை நாளில் நான்கு பேரும் வரிசையாக நின்றார்கள். உறுமன் முதல் கொடியின் கீழே தோண்டினான். நூல் போல ஒரு வேர் வந்தது. அடுத்த கொடியிலும் வேர்தான். பாத்தியின் அந்தக் கோடி வரை தோண்டிப் பார்த்தார்கள். கொட்டானின் வால் பருமனுக்குக்கூட ஒரு கிழங்கு தேறவில்லை.

"பார்த்தீங்களா, அவ எல்லாத்தையும்..." என்று உறுமன் ஆரம்பித்தான்.

"அத்தை இந்தப் பக்கம் வந்தே ரொம்ப நாளாச்சு அப்பா" என்றாள் வரிச்சி.

காற்றில் காய்ந்த இலைகள் புரண்டன.

"நான் ஒண்ணுதான் எடுத்தேன்" என்றான் கொட்டான். பிறகு, "காவலுக்கு ஒண்ணு" என்றான்.

"நான் இனிப்பு ஏறிடுச்சான்னு பார்த்தேன்" என்றாள் வரிச்சி.

"நான் பூச்சி விழுந்திருக்கான்னு பார்த்தேன்" என்றாள் சேம்பி.

"எத்தனை கிழங்குல?" என்று உறுமன் கேட்டான்.

"விழலைன்னு நிச்சயம் ஆகிற வரைக்கும்."

இப்போது மூவரும் உறுமனைப் பார்த்தார்கள். அவன் தோண்டிய மண்ணைப் பார்த்தான்.

"அளவு பார்த்தேன்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "தினமும்" என்றான்.

பாத்தியின் ஓரத்தில் பூசணி மட்டும் மஞ்சளாகப் பழுத்துக் கிடந்தது. மண்ணுக்கு மேலே எல்லார் கண்ணிலும் பட்டுக்கொண்டிருந்ததால் அதை யாரும் தொடவில்லை.

"அதை உருட்டுங்க" என்றாள் சேம்பி.

"எங்கே?"

"பாறை மேட்டுக்கு."

"கோடைக்கு நமக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான்."

"தெரியும். உருட்டுங்க."

வழியிலிருந்த இலந்தை முள்ளை முதலில் இழுத்துப் போட்டார்கள். மேட்டில் பூசணியை ஏற்றுவது சுலபமாக இல்லை. அது உருண்டு கீழே வர வர, உறுமன் நெற்றியால் முட்டி மேலே தள்ளினான். சலங்கை பொந்து வாசலில் இருந்தாள். முதுகில் அரை விரல் நீளத்துக்குப் புது முட்கள் முளைத்திருந்தன. குட்டி பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு அவளை ஒட்டி நின்றது. பன்றிகளைப் பார்த்ததும் அது தாய்க்குப் பின்னால் போயிற்று.

"கிழங்கை எடுத்தது நாங்கதான்" என்றான் உறுமன்.

"யாரு?"

"எல்லாரும்."

"ஒருத்தருக்கொருத்தர் தெரியாமலா?"

"ஆமா."

சலங்கையின் முட்கள் சலசலத்தன. அது சிரிப்பா, கோபமா என்று உறுமனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிவு வரவில்லை.

"வழியைத் திறந்துட்டோம் சலங்கை" என்றாள் சேம்பி. "நீ இல்லைன்னு அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். என் வாயில கிழங்கை வெச்சுக்கிட்டு நான் பேசாம நின்னுட்டேன்."

சலங்கை திரும்பிக் குட்டியின் காலைப் பார்த்தாள்.

"பூசணியை வெச்சுட்டுப் போங்க" என்றாள். "மன்னிச்சேனான்னு இப்போ கேக்காதீங்க அண்ணி. பாப்பா காலை ஊன்றி நடக்கட்டும். அப்புறம் சொல்றேன்."

அந்தக் கோடை கடினமாகத்தான் இருந்தது. நான்கு பேரும் மூங்கில் வேரைத் தோண்டித் தின்றார்கள். உறுமனின் விலா எலும்புகள் வெளியே தெரிந்தன. சலங்கை மூங்கில் புதர் வழியாகத் தண்ணீருக்கு வந்தாள், குடித்தாள், எதுவும் பேசாமல் போனாள். குட்டியைக் கவ்வித் தூக்கிக்கொண்டுதான் வந்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் உறுமன் புதருக்குள் போய்விடுவான்.

முதல் மழை பெய்த மறுநாள், சலங்கைக்கு முன்னால் குட்டி நடந்து வந்தது. லேசாக நொண்டியது. ஆனால் நான்கு காலும் தரையில் பட்டன. சலங்கை பாத்திக்குப் பக்கத்தில் நின்று மண்ணைக் காலால் கிளறிப் பார்த்தாள்.

"ஈரம் போதும்" என்றாள். "என்ன அண்ணி, இன்னும் கொடி நடலையா?"

சேம்பி உடனே மூக்கால் குழி தோண்டத் தொடங்கினாள். வரிச்சி கொடி எடுக்க ஓடினாள்.

அந்த வருஷம் பாத்திக்கு வேலி போடவில்லை. யாரும் தனியாகக் காவலும் இருக்கவில்லை. போவதென்றால் நான்கு பேரும் சேர்ந்து போனார்கள், சேர்ந்து திரும்பினார்கள். கோடை வந்தபோது மண் பாளம் பாளமாக வெடித்தது. அன்று தோண்டியதில் சலங்கைக்கும் ஒரு பங்கு போயிற்று.

யாருக்கும் தெரியாமல் நாம் எடுக்கும் கொஞ்சமும் சேர்ந்தே பெரிய நஷ்டம் ஆவதால், பிறர் மேல் பழி சொல்வதற்கு முன் ஒவ்வொருவரும் தான் எடுத்ததை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.