பின்னால் வரும் யானைக்கு எதற்குக் கூலி?

கல்லுருண்டான் மலைச் சரிவில் மொக்கையன் என்றொரு கரடி இருந்தது. அதற்கு ஒச்சம்மா என்று ஒரு மனைவி, இரண்டு குட்டிகள், ஒரு கடைசல் மெஷின்.

கரடிக்கு ஏது மெஷின் என்று குறுக்கே கேட்காதீர்கள். எப்போதோ அணை கட்டுகிறோம் என்று மனிதர்கள் வந்தார்கள். அணையும் கட்டவில்லை, கொண்டுவந்ததையும் எடுத்துப் போகவில்லை. அந்த மெஷினை மொக்கையன் ஓடைத் தண்ணீரில் சுற்றும் ஒரு சக்கரத்தோடு பூட்டிவிட்டது. தண்ணீர் ஓடினால் மெஷின் சுற்றும். கட்டையை மாட்டி உளியைக் காட்டினால் உலக்கை, கிண்ணம், பம்பரம் எல்லாம் வழவழவென்று வரும். காட்டில் உள்ளவர்கள் கிழங்கும் பழமும் கொடுத்து வாங்கிப் போனார்கள். கரடிக் குடும்பத்துக்கு அதுதான் சாப்பாடு.

அந்தக் கோடையில் மேலே ஒரு பாறை சரிந்தது. ஓடை திசை மாறிவிட்டது! சரிவுக்குக் கீழே, குளக்கரை ஓரமாகப் போய்க் கொட்டியது. இங்கே சக்கரம் நின்றது. மெஷினும் நின்றது. மழைக்காலத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த ஏழு குடம் தேனில் குட்டிகள் கையை விட ஆரம்பித்தன.

"இப்படி உக்காந்து நக்கிக்கிட்டே இருந்தா, மழைக்கு என்னத்தத் திங்கிறது?" என்று கேட்டது ஒச்சம்மா. "தண்ணி கீழ போயிருச்சு. மெஷினையும் கீழ கொண்டுபோக வேண்டியதுதானே!"

"அது என்ன கூடையா, தலையில தூக்கி வச்சுக்கிட்டுப் போக?"

"அதுக்குத்தான் பேச்சியக்கா இருக்காங்கள்ல! போய்க் கூப்பிடுங்க!"

பேச்சி ஒரு யானை. கனமான சாமான்களை இடம் மாற்றிக் கொடுப்பதுதான் அதற்கும் அதன் கூட்டத்துக்கும் தொழில். கூலியாகத் தேன் வாங்கிக்கொள்ளும். யானைகளுக்குத் தேன் என்றால் உயிர், தேனீ என்றால் நடுக்கம். அதனால் கரடி வீட்டு வேலை என்றால் உடனே வரும்.

பேச்சி வந்தது. மெஷினின் ஒரு முனையைத் தும்பிக்கையால் அசைத்துப் பார்த்தது. மறு முனையையும் அசைத்துப் பார்த்தது. பிறகு மெஷினை விட்டுவிட்டுச் சரிவில் மெதுவாக இறங்கிப் போனது. அங்கங்கே நின்று தரையைக் காலால் அழுத்தியது. வழியில் இருந்த ஒரு வேங்கை மரத்தை முட்டிப் பார்த்தது. காலையில் போனது, நல்ல வெயில் ஏறிய பிறகுதான் திரும்பி வந்தது.

"என்னக்கா, மெஷினைத் தூக்கக் கூப்பிட்டா நீங்க உலாத்திட்டு வர்றீங்க!"

"பாதை பார்த்தேன்."

"பார்த்தாச்சா? கூலி சொல்லுங்க!"

"அஞ்சு ஆளு. அஞ்சு குடம்."

மொக்கையனுக்கு மூச்சே நின்றுவிட்டது. "அஞ்சா! இருக்கிறதே ஏழுதான்க்கா! ஒரு மெஷினுக்கு அஞ்சு ஆளு எதுக்கு?"

"முன்னாடி ரெண்டு பேர் இழுப்பாங்க. பின்னாடி ரெண்டு பேர் வடத்தைப் பிடிச்சுக்கிட்டு வருவாங்க."

"இருங்க, இருங்க! முன்னாடி ரெண்டு பேர் கீழ இழுப்பாங்க. பின்னாடி ரெண்டு பேர் மேல இழுப்பாங்க. ரெண்டுக்கும் நான் கூலி குடுக்கணுமா? இது எந்த ஊரு நியாயம்!"

"இறக்கம் தம்பி இது. இழுக்கிறது ஒரு வேலையே இல்ல. நிறுத்துறதுதான் வேலை."

"சரி, அஞ்சாவது ஆளு?"

"முட்டுக்கட்டை. தேர் ஓடுறப்ப சக்கரத்துக்கு அடியில கட்டையைப் போட்டு நிறுத்துறாங்கள்ல, அது மாதிரி. வண்டி வேகம் எடுத்தா கட்டையைப் போடும்."

"வேகம் எடுக்கலேன்னா?"

"கட்டையைத் தூக்கிக்கிட்டுக் கூடவே வரும்."

"சும்மா?"

"சும்மாதான்."

"சும்மா நடந்து வர்றதுக்கு ஒரு குடம்!"

"ஆமா. அதுக்கும் ஒரு குடம்தான்."

மொக்கையன் யோசித்தது. யோசித்திருக்கவே வேண்டாம். "அக்கா, ஒண்ணு செய்வோம். முன்னாடி ரெண்டு பேர் மட்டும் வரட்டும். ரெண்டு குடம். பின்னாடி சும்மா நடக்கணும்னா நானே நடந்துக்கிறேன்!"

"அப்படின்னா நான் வரலை," என்றது பேச்சி. பாதை பார்த்ததற்குக் கூலி கேட்கவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. காதை ஆட்டிக்கொண்டு போய்விட்டது.

ஏழில் ஐந்து போனால் இரண்டு. குட்டிகளை வைத்துக்கொண்டிருக்கிற வீட்டில் அது கஷ்டம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டால் கிழங்குக்கும் பழத்துக்கும் என்ன குறைச்சல்? அதை நினைக்க வேண்டாமா? பானை பானையாகத் தேன் எடுக்கத் தெரிந்த கரடிக்கு இது தெரியவில்லையே! என்ன சொல்லித் திட்டுவது?

மறுநாள் மொக்கையன் காட்டெருமைகளிடம் போனது. வீரணன், சோணை என்று அண்ணன் தம்பி இரண்டு பேர். உடம்பைப் பார்த்தால் பயமாக இருக்கும். பேச்சைக் கேட்டால் அதைவிடப் பயமாக இருக்கும்.

"பாதை பார்க்க வர்றீங்களா?" என்று கேட்டது மொக்கையன்.

"பாதையில பார்க்க என்ன இருக்கு? மேல இருந்து கீழ போகுது. அவ்வளவுதானே!" என்றது வீரணன்.

"பின்னாடி பிடிக்க ஆளு?"

"எதுக்கு? இறக்கம்தானே! தானா வந்துரும்!" என்றது சோணை.

"கூலி?"

"ஒரே குடம். முன்னாடியே குடுத்துரணும்."

மொக்கையனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓட்டமாக வீட்டுக்கு வந்தது. "ஒச்சம்மா! ஒரே குடத்துல முடிச்சுட்டேன்! நாலு குடம் மிச்சம்!"

"யாரு வர்றா?"

"வீரணனும் சோணையும்."

"ஐயோ! அவங்க போன மாசம் முயல் வீட்டுக் கல்லைத் தள்ளிவச்சுத் தர்றேன்னு போயி, வீட்டையே தள்ளிவச்சுட்டு வந்தவங்க! வேண்டாங்க. அஞ்சு குடம் போனாப் போகுது, பேச்சியக்காவையே கூப்பிடுங்க!"

"நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை போடாதே!" என்று கத்தியது மொக்கையன்.

நானும் இந்தக் கதையை எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். இந்த இடம் வரும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றுகிறது. முட்டுக்கட்டை போடு, முட்டுக்கட்டை போடு என்றுதானே ஐயா எல்லோரும் கெஞ்சுகிறார்கள்!

மொக்கையனிடம் விலை போகாமல் கிடந்த நான்கு மரச் சக்கரங்கள் இருந்தன. மொக்கையனே கடைந்தவை. அவற்றைப் பூட்டி ஒரு வண்டி செய்தது. காட்டெருமைகள் கொம்பைக் கொடுத்து நெம்பி, மெஷினை அதன்மேல் ஏற்றின. சுற்றிக் கட்ட ஒரே ஒரு கொடி. அதையும் சோணை பாதி தின்றுவிட்டது.

காட்டெருமைகள் முன்னால் கயிறு கட்டி இழுக்க, வண்டி கிளம்பியது. மேட்டில் கொஞ்ச தூரம் சமதளம். சக்கரம் சத்தமில்லாமல் உருண்டது. பின்னால் கையை வீசிக்கொண்டு மொக்கையன் நடந்தது.

"பார்த்தியா ஒச்சம்மா! நான் கடைஞ்ச சக்கரம்! எப்படி வழுக்கிக்கிட்டுப் போகுது பாரு! இதுக்குப் போயி அஞ்சு யானையாம்!"

ஒச்சம்மா குட்டிகளை இழுத்துக்கொண்டு போய் ஒரு பாறைக்குப் பின்னால் நின்றுகொண்டது. அந்த வீட்டில் மூளை யாரிடம் இருந்தது என்று இப்போது தெரிகிறதா?

சமதளம் முடிந்தது. இறக்கம் வந்தது.

முதலில் கயிறு தொய்ந்தது. "என்னண்ணே, கனமே தெரியலையே!" என்றது சோணை.

"நமக்குப் பலம் ஜாஸ்தியாயிருச்சுடா!" என்றது வீரணன்.

பிறகு வீரணன் லேசாகத் திரும்பிப் பார்த்தது. மெஷின் அவர்கள் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. அவர்கள் நடந்தார்கள், மெஷினும் நடந்தது. அவர்கள் ஓடினார்கள், மெஷினும் ஓடியது!

"டேய்! இது நம்மைத் துரத்துதுடா! விடுடா கயித்தை!"

ஆளுக்கொரு பக்கமாகப் புதருக்குள் பாய்ந்தார்கள். வண்டி மட்டும் போனது.

"நிறுத்துங்கடா! நிறுத்துங்கடா!" என்று அலறிக்கொண்டு மொக்கையன் பாய்ந்து வண்டியின் பின்கட்டையைப் பிடித்தது. ஒரு கரடி பிடித்தால் நிற்குமா? கரடியையும் இழுத்துக்கொண்டு போனது. பின்னால் ஒரு வடம் கட்டி அதை வேங்கை மரத்தில் சுற்றியிருந்தால் நின்றிருக்கும். பேச்சி அந்த மரத்தை முட்டிப் பார்த்தது அதற்காகத்தான். ஆனால் சுற்ற யார் இருந்தார்கள்? வேங்கை மரத்தைத் தாண்டி, புளியஞ்செடிகளை நசுக்கி, குளக்கரையில் ஒரு கல்லில் மோதி, மெஷின் ஒரு குட்டிக்கரணம் போட்டது.

தொபீர்!

குளத்துத் தவளைகள் எல்லாம் கரையில் வந்து விழுந்தன. தண்ணீர் அடங்கியபோது மெஷினைக் காணோம். சேற்றில் இடுப்பளவு புதைந்து மொக்கையன் மட்டும் நின்றது. கையில் ஒரு சக்கரம் இருந்தது. அது நன்றாகத்தான் இருந்தது, ஒரு கீறல்கூட இல்லை.

புதருக்குள்ளிருந்து வீரணன் தலையை நீட்டியது. "குளத்துக்கரைக்குன்னுதானே சொன்னீங்க? நாங்க குளத்துக்குள்ளயே சேர்த்துட்டோம்! மேல ஏதாவது போட்டுக் குடுங்கண்ணே!"

மொக்கையன் அந்தச் சக்கரத்தை எடுத்து வீசியது. குறியும் தப்பியது.

சாயங்காலம் ஒச்சம்மாதான் கையைப் பிடித்துப் பேச்சியிடம் கூட்டிக்கொண்டு போனது. மொக்கையன் தலையைத் தூக்கவே இல்லை. "அக்கா, அந்த அஞ்சு குடத்துக்கே வந்துருங்க."

"இப்ப எட்டு."

"எட்டா! அக்கா, இப்ப இருக்கிறதே ஆறுதான்!"

"மேல நின்ன மெஷினுக்கு அஞ்சு சொன்னேன். இப்ப சேத்துக்குள்ள கிடக்கு. தலைகீழா வேற. எட்டு ஆளு தண்ணிக்குள்ள நிக்கணும்."

"மீதி ரெண்டுக்கு நான் எங்கக்கா போவேன்?"

பேச்சி கொஞ்சம் யோசித்தது. "எங்ககூட வேலைக்கு வந்து கழிச்சுரு."

எட்டு யானைகள் வந்தன. மெஷின் வெளியே வந்தது. கரையில் ஏற்றி, ஓடைத் தண்ணீரில் சக்கரத்தைப் பூட்டியதும் அது சுற்றவும் செய்தது. ஆனால் கல்லில் மோதியதில் அதன் நடுத்தண்டு லேசாக வளைந்திருந்தது. அதற்குப் பிறகு அதில் கடைந்த எந்த உலக்கையும் நேராக வரவில்லை. பம்பரங்கள் எழுந்து நிற்க மாட்டேன் என்றன. வாங்க வந்தவர்கள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கொண்டுவந்த கிழங்கைத் திரும்பவும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மழை வந்தது. வீட்டில் ஒரு சொட்டுத் தேன் இல்லை. குட்டிகள் காலிக் குடங்களுக்குள் தலையை விட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்ப் படுத்துக்கொண்டன. அதைப் பார்த்துக்கொண்டு மொக்கையன் வாசலில் உட்கார்ந்திருந்தது. கேட்டு அழுதிருந்தால்கூட அதற்குத் தேவலை என்று இருந்திருக்கும். 

மழை விட்டதும் மொக்கையன் பேச்சியிடம் வேலைக்குப் போனது.

"எனக்கு என்னக்கா வேலை?"

பேச்சி ஒரு பெரிய கட்டையைத் தூக்கி அதன் தோளில் வைத்தது. "முட்டுக்கட்டை. வண்டியோட கூடவே வா. கண்ணை மட்டும் சக்கரத்தை விட்டு எடுக்காதே."

முதல் வேலை ஒரு முள்ளம்பன்றி வீட்டில். ஒரு பெரிய ஆட்டுக்கல்லை மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறக்க வேண்டும். பேச்சி பாதை பார்த்துவிட்டு வந்து கூலி சொன்னது. முள்ளம்பன்றி சிலிர்த்துக்கொண்டு எழுந்தது.

"இழுக்கிறவங்களுக்குக் கேளுங்க, குடுக்கிறேன். கட்டையைத் தோள்ல வச்சுக்கிட்டுச் சும்மா நிக்குதே, அந்தக் கரடிக்கு எதுக்குக் கூலி? அதைக் கழிச்சுருங்க! பின்னாடி சும்மா வர்றதுக்கு நான் வந்துக்கிறேன்!"

யானைகள் எல்லாம் மொக்கையனைத் திரும்பிப் பார்த்தன. மொக்கையன் முகம் சிவந்தது, கறுத்தது, கடைசியில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்தது. கட்டையைக் கீழே வைத்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டது.

"ஆத்தா! முதல்ல எங்க வீட்டுக்கு ஒரு நடை வா. கோணலா ஒரு உலக்கை தர்றேன், ஓசிக்குத்தான். எங்க குட்டிங்க வயித்தையும் ஒரு தடவை பார்த்துக்க. அப்புறமா வந்து எனக்குக் கூலி வேணுமா வேண்டாமான்னு நீயே சொல்லு!"

கெட்டது எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்கிறவர் சும்மா இருப்பதுபோலத்தான் தெரிவார். அவர் கூலியில் மிச்சம் பிடிக்க நினைத்தவர், மிச்சம் வைத்திருந்ததையும் சேர்த்து இழப்பார்.