கசப்பிலைப் பள்ளத்துக்குக் காவல்

ஒரு மலைக்காட்டில் புள்ளிமான் மந்தை ஒன்று இருந்தது. குடிக்க ஒரு குளம், மேய ஒரு புல்வெளி, பயப்பட ஒரு புலி. எல்லாக் காட்டிலும் இருப்பதுதான். இந்தக் காட்டில் கூடுதலாக ஒன்று இருந்தது. பாறைக்குக் கீழே ஒரு பள்ளம். பள்ளம் முழுக்கக் கசப்பிலைப் புதர்.

மழை பொய்த்த வருஷத்திலோ, உடம்பு தேறாத வருஷத்திலோ, வயிற்றில் குட்டி தங்க வேண்டாம் என்று நினைக்கும் பெண்மான் அந்தப் பள்ளத்துக்குப் போய் இலையைத் தின்பாள். வயிற்றுக்குள்ளேயே குட்டி செத்துப்போனாலும் அந்த இலைதான் அதை வெளியே கொண்டுவரும். கூட ஒருத்தி போவாள். பள்ளத்தின் வாசலில் உள்பக்கம் முதுகைக் காட்டி, வெளியே பார்த்தபடி நிற்பாள். எதற்கு வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். திரும்பும்போது இருவரும் குளத்தில் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள். அவ்வளவுதான் வழக்கம். ஆண்மான்களுக்கு அந்தப் பக்கம் வேலையே கிடையாது.

ஒரு கோடையில் புல் கருகியது. குளம் சேறானது. நிறையப் பெண்மான்கள் அந்த வருஷம் குட்டி வேண்டாம் என்று பள்ளத்துக்குப் போய் வந்தன. புலிக்கு இளங்குட்டி கிடைக்கவில்லை. அதற்கு அதுதான் பிடித்த சாப்பாடு. உடனே தன் மந்திரி பீலியனைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னது. பீலியன் ஓர் ஆண்மயில். மறுநாள் காலையில் அவன் குளக்கரைப் பாறையில் ஏறித் தோகையை விரித்தான்.

"இனிமேல் எந்தப் பெண்மானும் கசப்பிலைப் பள்ளத்தில் கால் வைக்கக் கூடாது! பிறக்காத குட்டிகள் மேல் நம் அரசருக்கு அவ்வளவு பாசம்!"

பாசமாம்! பிறந்த குட்டிகள் புலியிடம் என்ன பாடுபட்டன என்று அந்தக் காட்டில் எல்லோருக்கும் தெரியும். சொன்னது யார் என்றும் பாருங்கள். முட்டை மேல் ஒரு பொழுதாவது உட்கார்ந்திருப்பானா அந்த ஆண்மயில்?

பள்ளத்துக்குக் காவல் நிற்கும் வேலையைப் புலி ஆண்மான்களிடம் கொடுத்தது. காவல் நிற்பவனைத் தொட மாட்டேன் என்று வாக்கும் கொடுத்தது. ஆண்மான்கள் கூடிப் பேசின. மந்தை பெருகினால் நல்லதுதானே என்றான் ஒருவன். அங்கே என்ன செய்கிறார்கள் என்று நமக்கு என்றைக்காவது சொன்னார்களா என்றான் இன்னொருவன். உண்மையில் எல்லோர் மனசிலும் இருந்தது புலி கொடுத்த வாக்குதான். அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

காவலுக்கு முறுக்கன் தலைவனானான். முறுக்கிய கொம்பு அவனுக்கு. அவன் துணை செம்பிக்கு அப்போது வயிறு நிறைந்திருந்தது. அந்தக் குட்டிக்காக அவள் ஆசை ஆசையாய்க் காத்திருந்தாள். இந்தக் காவல் நமக்கு வேண்டாமே என்று அவள் சொல்லிப் பார்த்தாள். நீதான் பெற்றுக்கொள்ளப் போகிறாயே, உனக்கு அந்தப் பள்ளம் எதற்கு என்று முறுக்கன் சிரித்தான்.

கொஞ்ச நாளில் செம்பியின் வயிற்றில் குட்டி அசைவதை நிறுத்திவிட்டது. அவள் உடம்பு அனலாய்க் கொதித்தது. தங்கை வெள்ளச்சி அவளை உரசி உரசி நடத்திப் பள்ளத்துக்குக் கூட்டிப் போனாள். வாசலில் முறுக்கன் கொம்பைத் தாழ்த்தி மறித்தான்.

"குட்டி அசையலீங்க," என்றாள் செம்பி. "நாலு இலை தின்னா பொழைச்சுக்குவேன். வழி விடுங்க."

முறுக்கன் கொம்பைக் கொஞ்சம் தூக்கினான். ஆனால் மற்ற ஆண்மான்கள் பார்த்துக்கொண்டிருந்தன. மேலே கிளையில் பீலியன் உட்கார்ந்திருந்தான். முறுக்கன் அவனை அண்ணாந்து பார்த்துக் கேட்டான். குட்டி செத்துவிட்டது என்று யார் கண்டது, வெளியே வந்தால்தானே தெரியும் என்றான் பீலியன். எதற்கும் அரசரைக் கேட்க வேண்டும். அரசர் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார், எழுப்ப முடியாதாம்.

"மச்சான், அது உங்க செம்பி," என்றாள் வெள்ளச்சி.

"அரசர் முழிக்கட்டும் புள்ள. கொஞ்சம் பொறு," என்றான் முறுக்கன்.

செம்பி பொறுத்தாள். வேறு என்ன செய்வாள்? வாசலிலேயே படுத்துவிட்டாள். படுத்த இடத்திலிருந்து இலை தெரிந்தது. கழுத்தை நீட்டிப் பார்த்தாள், எட்டவில்லை. வெயில் உச்சிக்கு ஏறியபோது அவள் முனகல் நின்றது.

அதற்கப்புறம்தான் புலி எழுந்து வந்தது. நடந்ததைக் கேட்டு, "அடடா, பாவம்!" என்றது. சொன்ன கையோடு செம்பியின் கழுத்தைக் கவ்வி இழுத்துக்கொண்டு போய்விட்டது. வயிற்றிலிருந்த குட்டியோடு சேர்த்துத்தான். இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. பீலியன் அப்போதும் அசரவில்லை. சட்டம் நல்ல சட்டம்தான், அவள் கொஞ்சம் முன்னாடியே வந்து கேட்டிருக்கலாம் என்றான்.

வெள்ளச்சி மந்தைக்குத் திரும்பவில்லை. பள்ளத்துக்கு முதுகைக் காட்டி வெளியே பார்த்து நின்றாள். அக்காவுக்குத் துணையாக வந்தவள் அல்லவா? அப்படி நிற்பதுதான் துணைக்கு வந்தவள் வேலை. ஆண்மான்கள் முட்டித் தள்ளிப் பார்த்தன. விழுந்தாள், எழுந்து அதே இடத்தில் நின்றாள்.

வெள்ளச்சியைத் தேடி வந்த ஒரு பெண்மான் சங்கதியைக் கேட்டு அவள் பக்கத்தில் நின்றது. அதைத் தேடி இன்னொன்று வந்தது. செய்தி பரவியது. பெண்முயல்கள் வந்தன. வயிறு தரையை உரச ஒரு காட்டுப்பன்றி வந்தது. மரத்தின் மேல் மந்திகள் குட்டிகளை நெஞ்சில் அணைத்தபடி வந்து உட்கார்ந்தன. எல்லாம் வெளியே பார்த்து நின்றன.

பீலியன் பறந்து வந்து கலைந்து போகச் சொன்னான். ஒன்றும் நகரவில்லை. என்னதான் வேண்டும் உங்களுக்கு என்று கேட்டான்.

"பள்ளத்துக்குள்ள போறதா வேண்டாமான்னு அவளவளே முடிவு பண்ணிக்குவா," என்றாள் வெள்ளச்சி. "எங்க வயித்துக்கு நாங்க இருக்கோம். உங்க காவலைத் தூக்கிட்டுப் போங்க."

அப்போது முறுக்கன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் வந்தான். நானும் நிற்கிறேன் என்றான். வெள்ளச்சி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நில்லு. ஆனா எங்க அக்கா பேரை நீ சொல்லக் கூடாது."

அதுவரை மச்சான் என்றும் வாங்க போங்க என்றும் அவனோடு பேசியவள் அவள்.

புலி வந்தது. மான் என்றால் ஓடும், ஓடினால் பின்னாலிருந்து பாயலாம். அதற்குத் தெரிந்த வேட்டை அதுதான். இங்கே ஒன்றும் ஓடவில்லை. புலி கொஞ்சம் திகைத்தது. பிறகு ஓரத்தில் நின்ற ஓர் இளம் பெண்மானின் மேல் பாய்ந்தது. அது ஒரு முறை அலறிவிட்டு அடங்கிப்போனது. வரிசை முழுக்க நடுங்கியது. ஆனால் விழுந்த மான் நின்ற இடத்தில் பன்றி வந்து நின்றுகொண்டது.

அன்றிலிருந்து மந்திகள் ஒரு காரியம் செய்தன. புலி போகிற பக்கமெல்லாம் மரத்துக்கு மரம் தாவிக் கூடவே போய்க் கத்தின. புதருக்குள் பதுங்கினால் கத்தல். தண்ணீர் குடிக்கக் குனிந்தால் கத்தல். புலி எங்கே இருக்கிறது என்று காடு முழுக்கத் தெரிந்துவிட்டது. அப்புறம் எந்த இரை அதன் பக்கம் வரும்? புலிக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. சட்டம் இருக்கும்வரை கத்தல் ஓயாது என்று புரிந்து, கடைசியில் பீலியனைக் கூப்பிட்டுச் சட்டத்தை எடுத்துவிடச் சொன்னது. அவனும் பாறையில் ஏறி அரசரின் கருணையே கருணை என்று அறிவித்தான். அதை நின்று கேட்க அங்கே யாரும் இல்லை.

காவல் போனது. ஒரு பெண்மான் பள்ளத்துக்குள் போனாள். வெள்ளச்சி வாசலில் முதுகைக் காட்டி நின்றாள், எதற்கு என்று கேட்கவில்லை. செம்பி படுத்திருந்த இடத்தை மட்டும் யாரும் மிதிக்காமல் சுற்றிப் போனார்கள். முறுக்கன் தூரத்தில் தனியாக மேய்ந்துகொண்டிருந்தான்.

சுமக்கிறவளைக் கேட்காமல் அவள் வயிற்றுக்குச் சட்டம் போடுகிறவன் அவளைக் காப்பாற்ற வந்தவன் அல்ல. அவனுக்குக் காவல் நிற்கிறவன் தன் வீட்டுச் சாவுக்கே காவல் நிற்கிறான்.