மிராசுதாரைச் சூழ்ந்த வாத்துகள்

நான் சொல்வது பொய் என்றால் அந்த வாத்துகளையே கேட்டுக்கொள்ளுங்கள்.

அறுவடை முடிந்த வயலில் காத்தமுத்து வாத்து மேய்த்துக்கொண்டிருந்தான். இங்கிலீஷ் பித்துப் பிடித்த மிராசுதார் கனகசபை அங்கே வந்து, கைத்தடியால் தன்னைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்.

"ஐ ஆம் சரவுண்டட் பை ஃபூல்ஸ்! டேய், 'சரவுண்டட்'னா என்ன அர்த்தம், எப்படி உபயோகிக்கணும்? சொன்னா வாத்தை ஓட்டிட்டுப் போ. இல்லேன்னா அத்தனையும் என் வீட்டுக் குழம்புக்கு!"

வட்டத்தைப் பார்த்ததும் காத்தமுத்துவுக்குப் புரிந்துவிட்டது. "எசமான்!" என்று காலில் விழுந்தான். விழுந்த சாக்கில் மடியிலிருந்த நெல்லை அவர் செருப்பைச் சுற்றி இறைத்துவிட்டான்.

அவ்வளவுதான். வயல் முழுக்க இருந்த வாத்துகளெல்லாம் அவர் காலடிக்கு ஓடிவந்தன. ஒன்று வேட்டிக்குள்ளேயே தலையை விட்டது.

"ஐயோ, என்னைச் சுத்தி வளைச்சிடுச்சுங்கடா! நகர வழியில்லடா!"

காத்தமுத்து எழுந்து கைகட்டி நின்றான். "அர்த்தத்தை எசமானே சொல்லிட்டீங்க. உபயோகத்தை வாத்துங்க காட்டிடுச்சுங்க. நாங்க கிளம்பலாங்களா?"

"கிளம்புடா! முதல்ல இதுங்களைக் கூப்பிடுடா!"

அதற்கப்புறமும் மிராசுதார் இங்கிலீஷை விடவில்லை. அந்த ஒரு வார்த்தையை மட்டும், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்.